சுவர் விரிசலில் இருந்து எடுத்த அரசங்கன்று: உங்களை போன்சாய்க்குள் இழுத்தது எது?

#1 சுவரோரம்

வணக்கம். ரொம்ப நாளாக வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இதுதான் முதல் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதத்துக்கு முன் வீட்டுச் சுவரில் பூச்சு வேலை நடந்தது. மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில் ஒரு விரிசல், அதற்குள் ஓர் அரசங்கன்று. ஏதோ பறவை போட்டுவிட்டுப் போன விதை. ஐந்தாறு இலைதான் இருக்கும். வேலைக்கு வந்தவர் பிடுங்கி எறிவதற்காக அதன் தூரில் கை வைத்தார். "இருங்கண்ணே, அதை நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அதுவரை ஒரு பூந்தொட்டிக்கும் நான் தண்ணீர் ஊற்றியதில்லை.

அவர் ஒரு செங்கலைப் பாதியாக உடைத்து வெளியே எடுத்துக் கொடுத்தார். மிச்சத்தைத் திருப்புளியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் நானே சுரண்டினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. தண்டு பென்சில் பருமன்தான். வேரோ இரண்டு விரல் அகலத்துக்கு, நாடா மாதிரித் தட்டையாக இருந்தது. விரிசல் எவ்வளவு இடம் கொடுத்ததோ அந்த அளவுக்கு, அதே வடிவத்தில் வளர்ந்திருக்கிறது. ஒரு முகத்தில் செங்கலின் சொரசொரப்பு அச்சு எடுத்தாற்போல் பதிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் செங்கல் என்றே சொல்லியிருப்பேன்.

ஒன்பதாம் நாள் எல்லா இலையும் கொட்டிவிட்டது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை. அதனால் தூக்கிப் போடவில்லை. ஐந்தாவது வாரம் நுனியில் ஒரு கூர்மொட்டு. அதைச் சுற்றியிருந்த மெல்லிய உறை ஒரு நாள் காலையில் கழன்று மண்ணில் கிடந்தது. உள்ளேயிருந்து செம்பு நிறத்தில் ஓர் இலை, மெழுகு தடவினாற்போல் பளபளத்துக்கொண்டு. வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பதினொரு இலை. உயரம் ஒரு முழம். இதை போன்சாய் ஆக்கி, தொட்டியிலேயே குட்டை மரமாக வளர்க்க முடியுமா, எப்போது வெட்ட வேண்டும் என்பது ஒரு கேள்வி. இன்னொன்றுக்குத்தான் அதிகமாகப் பதில் வேண்டும்: நீங்களெல்லாம் இதற்குள் எப்படி வந்தீர்கள்? எனக்கு நடந்துகொண்டிருப்பது அதுதானா?

#2 கணுவும் கொழுந்தும்

வாங்க தம்பி. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்தத் தட்டை வேரை யார் சொன்னாலும் வெட்டிடாதீங்க. தூர்ல வேர் விரிஞ்சு மண்ணைக் கவ்விப் பிடிக்கிற அழகுக்கு ஜப்பான்காரங்க 'நெபாரி'ன்னு பேர் வச்சிருக்காங்க. அதுக்காக வருஷக்கணக்கா உழைக்கிறவங்க இருக்காங்க. உங்களுக்கு அந்தச் சுவரே செஞ்சு குடுத்திருக்கு.

நான் வந்தது ஒரு சாவு வழியா. பத்தொன்பது வருஷம் ஆச்சு. பரிசா ஒரு குட்டி ஜூனிப்பர் வந்துச்சு, குளிர்நாட்டு ஊசியிலை மரம், அழகான நீலத் தொட்டியில. மேஜை மேல, அறைக்குள்ளேயே வச்சிருந்தேன். கூட வந்த சீட்டுல "தினம் கொஞ்சம் தண்ணீர்"னு போட்டிருந்தது, அப்படியே செஞ்சேன். ரெண்டு மாசம் பச்சையா இருந்துச்சு. ஒரு நாள் இலையைத் தொட்டா பொடியா உதிருது.

அப்புறம்தான் தெரிஞ்சுது, ஜூனிப்பர் செத்த பிறகும் வாரக்கணக்கா பச்சையாவே நிக்கும். நான் தண்ணி ஊத்திட்டிருந்த நாள்ல பாதிக்கு மேல அது உயிரோடவே இல்ல. அது வெயில்லயும் காத்துலயும் நிக்க வேண்டிய மரம், குளிர்காலத்துல குளிர்ல உறங்க வேண்டிய மரம். அறைக்குள்ள வைக்கிற ஜாதியே இல்ல. தொட்டியைக் கவுத்துப் பார்த்தேன். மேல இருந்த கூழாங்கல் எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டியிருந்தாங்க. ஊத்தின தண்ணியெல்லாம் கல்லு மேல ஓடி ஓரமா வழிஞ்சு போயிருக்கு. உள்ள மண்ணு தூசி மாதிரி வறண்டு கிடந்துச்சு. வேர் தொட்டியோட உள்சுவரைச் சுத்திச் சுத்தி வந்திருந்துச்சு, வெளியே போக வழி தேடின மாதிரி.

அதைப் பார்த்து அழுதேன், சொல்றதுக்கு எனக்குக் கூச்சமில்ல. அடுத்த நாள்ல இருந்து படிக்க ஆரம்பிச்சேன். இன்னிக்கு என்கிட்ட இருபத்தாறு மரம் இருக்கு. அந்த நீலத் தொட்டியும் இருக்கு, அதுல இதுவரைக்கும் எதையும் நடல.

உங்க வெட்டுற கேள்விக்குப் பொறவு வரேன். தொட்டி எவ்வளவு ஆழம், என்ன மண், எத்தனை மணி நேரம் வெயில்னு எழுதுங்க.

#3 முதல்துளிர்

எனக்கும் ஒரு சந்தேகம். போன்சாய் விதைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். படத்தில் ஊதாப் பூவோடு ஒரு குட்டி மரம். ஒன்பது விதை போட்டதில் இரண்டு முளைத்திருக்கின்றன. எவ்வளவு நாளில் படத்தில் உள்ள மாதிரி ஆகும்?

#4 நிழல்வலை

போன்சாய் விதை என்று ஒன்று கிடையாது நண்பரே. அது சாதாரண மரத்தின் விதைதான், நிலத்தில் நட்டால் முழு மரமாகவே வளரும். குட்டையாக இருப்பது பரம்பரைக் குணம் அல்ல. கவாத்து, வேர் வெட்டு, தொட்டியின் அளவு, வெளிச்சம், இவைதான் அதைச் சிறிதாக வைத்திருக்கின்றன. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பயிற்சியில் இலை சிறுக்கும், பூவும் காயும் சிறுக்காது. குட்டி மரத்தில் முழு அளவுப் பழம் தொங்குவதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

விதையிலிருந்து தொடங்கினால் தண்டு கட்டைவிரல் பருமன் ஆகவே பல வருடம் பிடிக்கும். முளைத்த இரண்டையும் வளருங்கள், மனசார வளருங்கள். அதோடு கூடவே, தண்டு ஏற்கெனவே பருத்த ஒரு நாற்றுப்பண்ணைச் செடியையும் வாங்கிக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ள வேண்டிய வேலை எல்லாம் அதில்தான் இருக்கிறது. விதையை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் பலர் இரண்டாம் வருடமே ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

#5 ஆணிவேர்

எதிர்க்கருத்து சொல்ல அனுமதியுங்கள். மரங்கள் மீது எனக்கு அளவு கடந்த அன்பு உண்டு. முப்பது ஆண்டுகளாக நட்டு வருகிறேன். நூறடி வளர வேண்டிய அரசை ஒரு தட்டில் அடைத்து, கம்பியால் கட்டி, வேரை ஆண்டுதோறும் நறுக்குவதை என்னால் கலையாகப் பார்க்க முடியவில்லை. சுவரோரம், நீங்கள் காப்பாற்றிய கன்றை ஒரு குளக்கரையிலோ திறந்த வெளியிலோ நட்டால் அது நூறு ஆண்டு நிழல் தருமே. யாரையும் புண்படுத்த எழுதவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

#6 நிழல்வலை

மரியாதையான கேள்வி ஐயா, நானும் அதே மரியாதையோடு பதில் சொல்கிறேன். நான் இதற்குள் வந்ததே உங்கள் கேள்வியோடுதான். போன்சாய் செய்யும் ஒருவரிடம் சண்டை போடப் போனேன். அவர் வாதாடவில்லை. ஒரு மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைக் காட்டினார். வெள்ளை நுனியோடு, தும்பு மாதிரி மெல்லிய வேர்கள், தொட்டி நிறைய. பட்டினி கிடக்கும் மரத்துக்கு அப்படி வேர் இருக்காது.

போன்சாய் பட்டினியால் சிறுத்த மரம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் எண்ணம். நடப்பது நேர்மாறு. வளரும் பருவம் முழுக்க உரம் போடுகிறோம், கோடையில் ஒரு நாளில் இரண்டு தடவைகூடத் தண்ணீர் ஊற்றுகிறோம். வேரை வெட்டுவது எதற்கு? பழைய தடித்த வேர்கள் இடத்தை அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்காது, மரம் மூச்சுத் திணறிச் சாகும். அதைக் குறைத்துப் புது மண் கொடுத்தால் புது வேர் விடுகிறது. நிலத்தில் இருக்கும் மரத்துக்கு முன்னால் மண் விரிந்து கிடக்கிறது, வேர் போய்க்கொண்டே இருக்கும். தொட்டி மரத்துக்கு அந்த மண்ணை நாம் கொண்டுவந்து தருகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மலைப் பாறை இடுக்கில், காற்றடிக்கும் விளிம்பில், முழங்கால் உயரத்தில் முதிர்ந்து நிற்கும் மரங்களை யாரும் கட்டி வளர்க்கவில்லை. அவற்றைப் பார்த்துத்தான் இந்தக் கலையே பிறந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அக்கறை இல்லாதவர் கையில் போன்சாய் கொடுமைதான். நாலு நாள் ஊருக்குப் போகும்போது தண்ணீருக்கு ஆள் வைக்காதவர் இதைத் தொடக்கூடாது.

#7 ஆணிவேர்

வேரைப் பற்றி நீங்கள் சொன்னது நான் அறியாதது. நன்றி. என் மனம் முழுதாக மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். யோசிக்கிறேன்.

#8 தட்டுமரம்

இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. என்னை இழுத்தது ஒரு மரத்தின் கதை. மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே கதை வந்துவிட்டது.

வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் (நேஷனல் ஆர்போரீட்டம்) போன்சாய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு வெண் பைன். 1625 முதல் தொட்டியில் பயிற்சியில் இருக்கும் மரம். 1976-ல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டுக்காக ஜப்பான் அனுப்பிய ஐம்பத்து மூன்று போன்சாய்களில் இதுவும் ஒன்று. மசாரு யமாகி என்பவர் கொடுத்தது. கால் நூற்றாண்டு அது அங்கே பத்தோடு பதினொன்றாக இருந்தது. 2001-ல் அவருடைய பேரன்கள் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, 1945 ஆகஸ்ட் 6 அன்று அந்த மரம் ஹிரோஷிமாவில் இருந்திருக்கிறது. குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம். தோட்டத்தின் உயரமான சுவர் அதை மறைத்துக் காப்பாற்றியிருக்கிறது. வீட்டின் கண்ணாடிகள் சிதறின. குடும்பமும் பிழைத்தது, மரமும் பிழைத்தது. அப்படிப்பட்ட மரத்தைத்தான் குண்டு போட்ட நாட்டுக்கே அவர் பரிசாகக் கொடுத்திருக்கிறார், அது பிழைத்த கதையைச் சொல்லாமல்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1625-ல் அதற்குப் பயிற்சியைத் தொடங்கியவர் யார்? அவருக்குப் பின் எத்தனை கைகள்? ஒரு கோடை நாள் யாராவது ஒருவர் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தால் அந்தச் சங்கிலி அறுந்திருக்கும். கிட்டத்தட்ட நானூறு வருடம் யாரும் மறக்கவில்லை. அடுத்த நாளே ஒரு சிறு ஃபைகஸ் (ஆல், அரசு இனத்து மரம்) வாங்கினேன்.

அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுவது. சொல் ஜப்பானுடையது, வேர் சீனாவில். கி.பி. 706-ல் கட்டிய சீன இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில், குட்டிச் செடிகள் உள்ள தட்டைக் கையில் ஏந்தி ஒரு பணியாள் நிற்கும் ஓவியம் இருக்கிறது. 1923-ல் டோக்கியோவைப் பூகம்பம் குலைத்தபோது அங்கிருந்த போன்சாய் வளர்ப்பவர்கள் நல்ல மண்ணும் காற்றும் தேடி ஓமியாவுக்குப் போய் 1925-ல் ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். அங்கே குடியேற நிபந்தனைகள் இருந்தன: பத்து போன்சாயாவது வைத்திருக்க வேண்டும், வாசலைத் திறந்தே வைக்க வேண்டும், வேலிக்கு உயிர்வேலிதான், மாடி கட்டக்கூடாது. மாடிக்கு ஏன் தடை என்று முதலில் புரியவில்லை. பக்கத்து வீட்டு மரத்தின் மேல் நிழல் விழுமே!

#9 முதல்துளிர்

தட்டுமரம் ஐயா, மாடி கட்டக்கூடாது என்பதைப் படித்துவிட்டு என் ஜன்னலில் எத்தனை மணிக்கு எவ்வளவு வெயில் விழுகிறது என்று இன்று முழுக்கக் குறித்துக்கொண்டிருந்தேன். காலை ஏழரை முதல் பத்தே கால் வரைதான். இத்தனை வருடம் அந்த அறையில் இருந்தும் எனக்குத் தெரியாது.

#10 சுவரோரம்

எல்லோருக்கும் நன்றி. ஆணிவேர் ஐயா, உங்கள் கேள்வி என் மனதிலும் இருந்தது. இந்தக் கன்றிலிருந்து வெட்டி நடும் முதல் போத்து வேர் பிடித்தால் அதை நீங்கள் சொன்ன மாதிரி திறந்த வெளியில் நடுகிறேன், இது வாக்கு.

கணுவும் கொழுந்தும் அக்கா, நீங்கள் கேட்ட விவரம்: பிளாஸ்டிக் தொட்டி, எட்டு அங்குல ஆழம், சாதாரணத் தோட்ட மண், ஆறு மணி நேர வெயில். தினமும் காலையில் ஒரு குவளைத் தண்ணீர்.

#11 கணுவும் கொழுந்தும்

தம்பி, "தினமும் ஒரு குவளை"யை இன்னிக்கே விட்டுடுங்க. கடிகாரம் பார்த்துத் தண்ணி ஊத்தினா ஒண்ணு வேரழுகும், இல்ல வறண்டு போகும். ஒரு மரக்குச்சியைத் தொட்டி ஓரமா மண்ணுல ரெண்டு மூணு அங்குலம் செருகி வைங்க. உருவிப் பார்த்தா ஈரம் இருந்து கறுத்திருந்தா தண்ணி வேண்டாம். குச்சி வெளிறிக் காய ஆரம்பிச்சிருந்தா ஊத்துங்க, அடித் துளையில ஓடி வர்ற வரைக்கும் ஊத்துங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தற தண்ணி மேல் மண்ணோட நின்னுடும், என் ஜூனிப்பருக்கும் இப்படித்தான் தண்ணி வேருக்குப் போய்ச் சேரவே இல்ல.

தோட்ட மண்ணு தொட்டியில இறுகிப்போகும். அடுத்த தடவை மாத்தும்போது தூசி சலிச்ச செங்கல் ஜல்லி, பெர்லைட் இல்லன்னா பியூமிஸ் (ரெண்டும் காத்தோட்டம் தர்ற லேசான கல்லு), கொஞ்சம் மட்குன்னு கலந்துக்கோங்க. வேருக்குத் தண்ணி மாதிரியே காத்தும் வேணும்.

வெட்டு விஷயம். இப்ப வெட்டாதீங்க. தண்டு பென்சில் பருமன்னு சொல்றீங்க. சின்னத் தொட்டிக்குள்ள போன பிறகு தண்டு பருக்கிறது ரொம்ப மெதுவாயிடும். பெரிய தொட்டியில ரெண்டு வருஷம் அது இஷ்டத்துக்கு ஓட விடுங்க. தண்டு பருக்கிறது இலையால, கிளையால. இப்ப உங்களுக்குக் குட்டையா அழகா வேணும்னு தோணும். அந்த அவசரத்துலதான் நிறைய பேர் ஒல்லிக் குச்சியைத் தட்டுல வச்சிட்டுப் பத்து வருஷம் அதையே பார்த்துட்டிருக்காங்க.

#12 நிழல்வலை

அக்காவோடு இதில் ஒத்துப்போக முடியவில்லை. அரசு மற்ற ஃபைகஸ்கள் மாதிரி அல்ல. இலை பெரியது, காம்பு நீளம், கிளை அடர்த்தியாக வருவதே இல்லை. இரண்டு வருடம் ஓட விட்டால் நீண்ட மொட்டைத் தண்டும் உச்சியில் ஒரு கொத்து இலையும்தான் மிஞ்சும். வெப்பமான பருவத்தில், மரம் நல்ல வேகத்தில் இருக்கும்போது ஐந்து அங்குலத்தில் வெட்டினால் கீழே இருந்து இரண்டு மூன்று துளிர் வரும். வேண்டிய உயரத்துக்கு அரை அங்குலம் மேலே வெட்டுங்கள், நுனி கொஞ்சம் காய்ந்து இறங்கும். பால் வடியும், தண்ணீர் தெளித்துத் துடைத்தால் நின்றுவிடும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் பழகுவதற்குச் சிறிய இலை ஃபைகஸ் ஒன்றை வாங்கிக்கொள்வதுதான் நல்லது. அரசு முதல் மரத்துக்கு ஏற்றதல்ல.

#13 கணுவும் கொழுந்தும்

நிழல்வலை சொல்ற துளிர் விஷயம் சரிதான், ஆனா அது பலமா இருக்கிற மரத்துக்கு. எட்டு மாசத்துக்கு முன்னாடி சுவர்ல இருந்து பேர்த்த கன்னு, பதினொரு இலை. அந்தப் பதினொண்ணும்தான் அதோட சம்பாத்தியம். அதை வெட்டி எறிஞ்சா திரும்ப எதை வச்சுத் துளிர் விடும்? முதல்ல நாப்பது இலை வரட்டும், அப்புறம் பேசலாம்.

முதல் மரத்துக்கு ஏற்றதல்லன்னு சொல்றதையும் நான் ஏத்துக்கல. அவரைத் தேடி வந்த மரம் அது. ஏத்த மரம்னு பட்டியல் பார்த்து வாங்கினதா இருந்தா ஒன்பதாம் நாள் இலை கொட்டினப்பவே குப்பைக்குப் போயிருக்கும்.

#14 நிழல்வலை

நாற்பது இலை வரட்டும். அதில் எனக்கும் சம்மதம்.

#15 இடக்கை

என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் வலது கையில் தசைநாண் அறுந்து அறுவை சிகிச்சை. மூன்று மாதம் அந்தக் கையால் பித்தான்கூடப் போட முடியாது. இடது கையால் எழுத, சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தேன். விரலுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி வெறுத்துப்போனது.

தெரிந்தவர் ஒருவர் ஒரு சுருள் அலுமினியக் கம்பியும், கவாத்து செய்த காய்ந்த குச்சிகள் ஒரு கட்டும் கொடுத்தார். சுற்றிப் பழகு என்றார். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் உள்ள கம்பி. நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வு. சுற்றுகளுக்கு நடுவே சம இடைவெளி. இறுக்கினால் பட்டை கிழியும், தளர்த்தினால் கிளை வளையாது. இடது கையால் சுற்ற வேண்டும், வலது கை குச்சியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதல் குச்சி உடைந்தது. இருபதாவதும் உடைந்தது. காய்ந்த குச்சி வளையாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒவ்வொன்றும் உடைகிற இடம் வேறு வேறாக இருந்ததைக் கவனிக்க ஆரம்பித்தேன். வளைவின் வெளிப்பக்கம் கம்பி படிந்திருந்தால் குச்சி தாக்குப்பிடித்தது. உள்பக்கம் படிந்திருந்தால் வெளிப்பக்கம் பிளந்தது. இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதியிருக்கிறார்கள். என் விரல்களுக்கு அது புரிய அறுபது குச்சி ஆனது.

கையை போன்சாய் குணப்படுத்தியது என்று சொல்ல மாட்டேன், அது மருத்துவர்களின் வேலை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் என் கையைப் பற்றி நினைக்காமல் என்னால் உட்கார முடிந்த நேரம் அது மட்டும்தான். உயிருள்ள மரத்தில் முதல் கம்பி சுற்றிய அன்று வலது கை கட்டைவிரல் தானாக மடங்கி கிளையைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்ல அப்போது வீட்டில் யாரும் இல்லை. இங்கே சொல்கிறேன்.

#16 முதல்துளிர்

இடக்கை அண்ணா, இதைப் படித்துவிட்டு நானும் குச்சி பொறுக்கி வைத்திருக்கிறேன். பதிவுக்கு நன்றி.

#17 தட்டுமரம்

சுவரோரம், இரண்டு நாளாக உங்கள் வேர் என் மனதை விட்டு அகலவில்லை. ஒரு யோசனை. பாறையைக் கவ்விய வேர் என்று ஒரு வடிவம் உண்டு, ஜப்பானியத்தில் 'செகிஜோஜு'. வேர் ஒரு கல்லின் மேல் வழிந்து இறங்கி மண்ணுக்குள் போகும். மற்றவர்கள் கல் தேடி அலைவார்கள், வேரை அதன் மேல் படிய வைக்க வருடக்கணக்கில் கட்டிவைப்பார்கள். உங்கள் வேரில் ஏற்கெனவே ஒரு செங்கலின் முகம் பதிந்திருக்கிறது. அந்த உடைந்த செங்கல் இன்னும் இருக்கிறதா?

#18 சுவரோரம்

ஐயா, இதைப் படித்ததும் எழுந்து ஓடினேன். இருக்கிறது. தொட்டி ஆடாமல் இருக்க இத்தனை நாளும் அதைத்தான் அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறேன். எட்டு மாதமாக மரத்துக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது.

#19 நிழல்வலை

அருமையான யோசனை. ஒரு எச்சரிக்கை மட்டும். செங்கல் மென்மையானது, தண்ணீர் குடித்துக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். நிலைத்து நிற்க வேண்டுமென்றால் கடினமான கருங்கல்தான் சரி.

#20 கணுவும் கொழுந்தும்

உதிரட்டுமே. இடிஞ்ச சுவர்ல அரசமரம் எப்படி நிக்குது? செங்கல் உதிர உதிர வேர்தான் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. வேர் தடிச்ச பிறகு கல் போனாலும் அந்த வடிவம் போகாது.

செய்யறதா இருந்தா இப்படி: வளர்ற பருவத்துல, சாயங்கால நேரமா செய்யுங்க. மண்ணை உதறாம தண்ணியில கரைச்சு எடுங்க. செங்கலை முந்தின நாளே தண்ணியில ஊறப்போடுங்க, இல்லன்னா அது வேர்ல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிடும். பதிஞ்ச முகத்தைச் செங்கலோட பொருத்திப் பாருங்க, அவசரமே வேண்டாம். மெல்லிய வேரையெல்லாம் செங்கல் பக்கவாட்டுல கீழ்நோக்கி இறக்கி விட்டு, நீளமா கிழிச்ச பிளாஸ்டிக் பட்டையால இறுக்கமா, மேல இருந்து கீழ வரைக்கும் சுத்துங்க. அடிப்பக்கம் திறந்தே இருக்கணும், வேர் அது வழியா மண்ணுக்குப் போகணும். அப்புறம் செங்கலே தெரியாத அளவுக்கு ஆழமான தொட்டியில புதைச்சிடுங்க. ரெண்டு வாரம் நிழல்ல வைங்க. மேல ஒரு இலையைக்கூட வெட்டக்கூடாது. வேர்ல வேலை செஞ்ச வருஷம் தலையில கை வைக்கக்கூடாது.

#21 சுவரோரம்

நேற்று மாலை செய்து முடித்தேன்.

மண்ணைக் கரைத்ததும் தட்டை வேரின் ஓரம் முழுக்கப் புது வேர்கள், வெள்ளை நூல் மாதிரி. செங்கலை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். எதிலும் சரியாக உட்காரவில்லை. வேர் எட்டு மாதத்தில் வளர்ந்திருக்கும், இனிப் பொருந்தாது என்று விட்டுவிட இருந்தேன். பிறகு செங்கலைத் தலைகீழாகப் பிடித்தபோது விளிம்பில் இருந்த ஒரு சிறு பள்ளம் கண்ணில் பட்டது. வேரில் அதே இடத்தில் ஒரு முண்டு இருந்தது. அதை வைத்ததும் மொத்த வேரும் செங்கல் மேல் படிந்துவிட்டது. சுவரில் அது இருந்த பக்கம் அதுதான். இவ்வளவு நாள் தலைகீழாக முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பட்டை சுற்ற ஒரு மணி நேரம் ஆனது. என் மனைவி செங்கலைப் பிடித்துக்கொண்டாள். இப்போது எல்லாம் மண்ணுக்கு அடியில். வெளியே இருந்து பார்த்தால் ஒரு பெரிய தொட்டியில் பதினான்கு இலையோடு ஓர் அரசங்கன்று, அவ்வளவுதான்.

எப்போது திறந்து பார்க்கலாம் அக்கா?

#22 கணுவும் கொழுந்தும்

குறைஞ்சது ஒரு வருஷம் தம்பி, ரெண்டு வருஷம்னா இன்னும் நல்லது. அதுவும் ஒரேயடியா எடுக்கக்கூடாது. மேல் மண்ணை ஒவ்வொரு அங்குலமா, சில மாசத்துக்கு ஒரு தடவை குறைங்க. இருட்டுல இருந்த வேர் வெளிச்சத்துக்குப் பழகணும், பட்டை கட்டணும். நடுவுல விரல் விட்டுக்கூடத் தோண்டிப் பார்க்காதீங்க.

#23 சுவரோரம்

சரி அக்கா. தோண்ட மாட்டேன். அதுவரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாது போலிருக்கிறது. கம்பி சுற்றப் பழக எந்தச் செடி வாங்கட்டும்?

#24 இடக்கை

செடி இப்போது வேண்டாம். கவாத்து செய்த குச்சிகள் கிடைத்தால் ஒரு கட்டு எடுத்து வையுங்கள். அன்றன்று வெட்டிய பச்சைக் குச்சியும் பாதி இருக்கட்டும், அது எவ்வளவு தூரம் வளையும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். கம்பியில் இரண்டு மில்லிமீட்டரும் மூன்று மில்லிமீட்டரும் போதும். பழகி முடித்த பிறகு கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கழற்றாதீர்கள், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். உயிருள்ள கிளையில் கழற்றும்போதுதான் மொட்டெல்லாம் உடையும், அதனால் முதலிலிருந்தே வெட்டி எடுக்கப் பழகிவிடுங்கள்.